சத்தம் போடாத வண்டி

அரியமுத்து அண்ணன் ரத்தம் எடுத்தால் குழந்தைகள் அழுவதில்லை. பெரம்பலூரில் நாங்கள் வேலை பார்க்கும் லேபுக்கு அதுதான் விளம்பரம். டவுனில் வேறு லேபே இல்லாத மாதிரி, "அந்த மெதுவா எடுக்குற தம்பி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் படியேறி வருகிறவர்கள் உண்டு. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டுவார். நரம்பைக் கண்ணால் தேட மாட்டார். தூங்கிக்கொண்டிருக்கும் ஒன்றை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல விரல் நுனியால் தொட்டுத் தொட்டுத் தேடுவார். "ஆச்சுங்க" என்று பஞ்சை வைக்கும்போதுதான் ஊசி போனதே தெரியும்.

வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. வாலிகண்டபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தின் காலனியில் வீடு. அப்பா இல்லை. அம்மா பெரியம்மாள் ஊரார் வயலில் நாற்று நட்டும் களையெடுத்தும் படிக்க வைத்தார். அதே கிராமத்தில் ஊர்த்தெருவிலிருந்து வருகிறவள் மணிமொழி. எங்கள் லேபின் டெக்னீஷியன். அவர் எடுக்கும் ரத்தம் அவள் மேசைக்குத்தான் போகும்.

இரண்டு பேரும் ஒரே மினி பஸ்ஸில் வருவார்கள், ஒரே மினி பஸ்ஸில் திரும்புவார்கள். அவள் முன்பக்கம், அவர் பின்படி. பஸ்ஸில் ஒரு வார்த்தை கிடையாது. இறங்கினால் அவள் வலது பக்கம் ஊருக்குள் போவாள், அவர் இடது பக்கம் காலனிக்கு. பேச்செல்லாம் லேபின் கண்ணாடிக் கதவைத் தாண்டிய பிறகுதான்.

அந்தப் பேச்சு என் காதில் விழக் காரணம், என் மேசை இருவருக்கும் நடுவில் இருந்தது. நான் ரிப்போர்ட் அடிக்கிறவன். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். அதிகம் பேசாதவன் பக்கத்தில் இருப்பதைச் சில நேரம் மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள்.

லேபில் ஆண்கள் எல்லோரும் மணிமொழிக்கு அண்ணன்தான். டாக்டருக்கு டீ வாங்கி வருகிறவர் அண்ணே, கரண்ட் வேலைக்கு வருகிறவர் அண்ணே. வயதில் சின்னவன் என்பதால் நான் மட்டும் தம்பி. அரியமுத்து அண்ணனை மட்டும் அவள் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பாள். எப்போதாவது அவசரத்தில், "ஏங்க, இந்த டியூப்ல பேரே எழுதல" என்று வந்துவிடும். அந்த 'ஏங்க' விழுந்ததும் அவர் பேனா சற்று நிற்கும். பிறகு ரொம்ப நிறுத்தி நிதானமாக டியூபில் பேர் எழுதுவார்.

சித்திரையில் அந்த மினி பஸ் சாயங்கால டிரிப்பை நிறுத்திவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நின்று அவள் வீடு போய்ச் சேர இருட்டிவிடும்.

"வேலைய வுட்டுருன்னு வூட்டுல சொல்றாங்க" என்றாள் ஒருநாள். ரத்தம் சுற்றுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "ரோட்டுல நின்னு சம்பாரிச்சுக் கிழிச்சது போதும்னு எங்கண்ணன் குதிக்கிறான்."

அரியமுத்து அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "நா ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்குங்க."

"எப்புடி வண்டியா பாக்கட்டும்?"

"என்னயக் கேட்டா? ஓட்டப்போறது நீங்க."

"இல்ல, சும்மா கேக்குறேன்."

"ஒசரமா வாங்காதீங்க. எங்கண்ணன் வண்டியில ஏறணும்னா ஏணி வேணும்."

"சரி."

"பின் சீட்டு தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது. பிரேக் புடிச்சா சறுக்கிக்கிட்டு வந்து முன்னால ஓட்டுறவங்க மேல மோதணும்."

"சரி."

"சின்னதா இருந்தாப் போதும், கனமில்லாம. செவப்பு வேணாம். பளபளன்னு ஸ்டிக்கர் ஒட்டினதெல்லாம் வேணவே வேணாம்."

"கருப்பு?"

"கருப்பு, இல்லாட்டி சாம்பலு. அப்புறம் சத்தம் போடக் கூடாது. டுபுடுபுன்னு தெருவையே எழுப்பிக்கிட்டுப் போறது எனக்குப் புடிக்காது."

"சத்தம்னா ஆகாதா உங்களுக்கு?"

"ஆகாது" என்றாள். மெஷின் நின்றது. டியூப்களை எடுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று எனக்கு போன் செய்தார். பெரம்பலூரில் ஷோரூம் இல்லாமலா இருக்கிறது? "அங்க எல்லாம் தெரிஞ்ச மூஞ்சியா இருக்கும் சக்தி" என்றார். முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்தவர்போல் இருந்தார்.

ஷோரூமில் எங்களிடம் வந்த சேல்ஸ்மேனின் சட்டையில் ஜெயப்பிரகாஷ் என்று பேர் குத்தியிருந்தது. அவர் நேராக ஒரு சிவப்பு வண்டியிடம் அழைத்துப் போனார்.

"உங்க வயசுக்கு இதுதாங்க சார். பிக்கப் பாத்தீங்கன்னா அப்புடியே பறக்கும்."

"பறக்க வேணாங்க. ஒசரம் கம்மியா, வெயிட்டு கம்மியா ஒண்ணு காட்டுங்க. லேபுக்குப் போக வர" என்றார் அண்ணன்.

ஜெயப்பிரகாஷ் சிரித்தார். "குடும்பஸ்தர் கேக்குற வண்டியால்ல கேக்குறீங்க?"

ஓரத்தில் நின்ற நூறு சிசி வண்டிகளைக் காட்டினார். அரியமுத்து அண்ணன் மைலேஜ் கேட்கவில்லை. எதிலும் ஏறி உட்காரவுமில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சக்தி, நீ பின்னால ஒக்காரு."

உட்கார்ந்தேன்.

"அப்புடி இல்லடா. ஒரு பக்கமா ஒக்காரு. காலு ரெண்டும் இந்தாண்ட."

எனக்குக் காது சுட்டது. என் உயரமும் மணிமொழியின் உயரமும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒருக்களித்து உட்கார்ந்தேன். கால் தொங்கியது. கல்லாவில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, தம்பி எப்பவும் வேட்டிதான் கட்டுவாரா?" என்றார் ஜெயப்பிரகாஷ்.

அரியமுத்து அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. குனிந்து என் பாதத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். "பயமா இருக்கா? சறுக்குதா? எதப் புடிச்சுக்குவ?" நரம்பு தேடுகிறபோது இருக்கும் அதே முகம். இப்படி மூன்று வண்டிகளில் என்னை ஏற்றி இறக்கினார். நாலாவது, கருஞ்சாம்பல் நிறத்தில், தாழ்ந்த தட்டைச் சீட்டு. என்னை இறங்கச் சொல்லி வண்டியைச் சாய்த்து என் ஒரு கையில் கொடுத்தார். "தாங்குதா? மண்ணுல வழுக்கி நின்னுட்டா, நா எறங்குற வரைக்கும் புடிச்சுக்கலாமா?"

"தாங்குதுண்ணே."

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் ஜெயப்பிரகாஷிடம்.

"பண்ணிட்டேன் சார்."

அண்ணன் சைலன்சர் பக்கம் காதைக் கொண்டுபோனார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "ஓடுதா?"

"ஓடுது சார். ஸ்டார்ட் ஆகுறதே தெரியாது, அதான் இதோட விசேஷம்."

பக்கத்தில் இரண்டு பையன்கள் தங்கள் புதுவண்டியில் பின்சக்கரத்தை ஒட்டியிருந்த சேலைக் கம்பியைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அத எடுத்துருங்கண்ணே, அங்கிள் வண்டி மாதிரி இருக்கு." வண்டி எடுக்கிற பையன்கள் முதலில் செய்கிற காரியம் அது. ஜெயப்பிரகாஷ் எங்களையும் பார்த்து, "உங்களுக்கும் கழட்டிறலாமா?" என்றார்.

"வேணாம்" என்று அண்ணன் பதறிவிட்டார். "இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா அதப் போட்டுக் குடுங்க. சேலையோ துப்பட்டாவோ, மாட்டக் கூடாது. கால் வைக்க அகலமா பலகை வருமே, அதுவும்."

"சார், கல்யாணம் ஆயிருச்சா?"

அண்ணன் வண்டியின் டேங்கைக் கையால் துடைத்தார். "ஆகணும்" என்றார்.

புதன்கிழமை வண்டி கைக்கு வந்தது. அன்று சாயங்காலம் லேபைப் பூட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இறங்கினோம். மெயின் ரோட்டில் நிறுத்தாமல், பக்கத்துச் சந்தில் வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்தார். அவள் கேட்ட ஒவ்வொன்றும் அங்கே நின்றது. தாழ்ந்த சீட்டு, தட்டைச் சீட்டு, சாம்பல் நிறம்.

மணிமொழி அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். "நெசமாவே வாங்கிட்டீங்களா?" என்றாள். சீட்டில் உள்ளங்கையை வைத்தாள். சேலைக் கம்பியைப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பைபாஸ்ல போயி, ஊருக்கு முன்னாடி பாலத்துகிட்ட எறக்கி வுட்டுர்றேன்" என்றார் அவர். "அங்கேர்ந்து நீங்க நடந்து போயிரலாம். யாரும்…"

அவள் துப்பட்டாவைச் சுருட்டி இடுப்பில் முடிந்துகொண்டாள். அவர் ஏறி சுவிட்சை அழுத்தினார். அவள் அகலப் பலகையில் ஒரு காலை வைத்தாள்.

"என்னா மொழி, பஸ்ஸுக்கு நிக்கலியா?"

சந்து முனை டீக்கடையில் ஒரு பெரியவர் கிளாஸோடு நின்றார். மணிமொழியின் தாய்மாமன். காலையில் சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்தவர்தான். அப்போது, "வலிக்காம எடுக்குறீங்க தம்பி, கைராசிதான்" என்று அரியமுத்து அண்ணனிடம் தன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தம் எடுத்த பிறகு, பஞ்சை அழுத்தியபடி, "நம்ம ஊருங்களா? எந்தத் தெரு?" என்று கேட்டார். அண்ணன் சொன்னார். அவர் பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இப்போதும் அவர் சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தக் கண் மட்டும் பலகையில் இருந்த காலை விட்டு நகரவில்லை.

மணிமொழி காலை எடுத்தாள்.

"நிக்கத்தான் மாமா போறேன்" என்றாள். பிறகு திரும்பி, டீக்கடைக்குக் கேட்கும்படி சொன்னாள்: "புது வண்டி நல்லாருக்குண்ணே. பாத்துப் போயிட்டு வாங்கண்ணே."

'அண்ணே' என்று இரண்டு முறை சொன்னாள். ஒன்று மாமாவுக்குப் போதாதோ என்று நினைத்தாளோ என்னவோ. துப்பட்டாவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். மாமா டீயை முடித்துவிட்டு அவள் பின்னால் போனார்.

அரியமுத்து அண்ணன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருந்தார். சாவியைத் திருப்பப் போனவர், சந்தேகம் வந்து சைலன்சர் பக்கம் குனிந்து கையை நீட்டிப் பார்த்தார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போதுதான் எனக்கு விளங்கியது. சிமெண்ட் லாரிகள் ஒவ்வொன்றாக எதிரே வந்து வெளுத்த தூசியை வீசிவிட்டுப் போயின. உயரம் வேண்டாம், சிவப்பு வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், சத்தம் வேண்டாம், முன்னால் இருப்பவர் மேல் உடம்பு பட்டுவிட வேண்டாம். அவள் கேட்டது யார் கண்ணிலும் படாத ஒரு வண்டி. அப்படி ஒன்றை எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. அவர் அதை அவளுடைய ஆசை என்று நினைத்து, என்னை ஏற்றி இறக்கித் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மாதக் கடைசியில் மணிமொழி வேலையை விட்டாள். கடைசி நாள் எல்லோருக்கும் ஒரு லட்டு கொடுத்தாள். "வரேண்ணே, வரேன் தம்பி" என்று ஒவ்வொரு மேசையாக வந்தாள். அரியமுத்து அண்ணன் யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை நின்றாள். அந்த அம்மாள் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே போனதும், "இங்க பாருங்க" என்றாள். பழையபடி, முறை இல்லாமல்.

அவர் பார்த்தார்.

"மெதுவா ஓட்டுங்க."

அவ்வளவுதான். அன்று அடுத்து வந்த பையனுக்கு அவர் ஊசியை இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. பையன் வீறிட்டு அழுதான். "அய்யோ சாமி, அழுவாத, அழுவாத" என்று அண்ணன் அவன் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஆடி பிறந்து ஒருநாள் மத்தியானம் பெரியம்மாள் லேபுக்கு வந்தார். சர்க்கரை பார்க்க மகன் கூட்டி வந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டு என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"நீதான் சக்தியா? வண்டி எடுக்கக் கூடப் போனது நீதானாமே?"

"ஆமாங்கம்மா."

"எம்மாம் நெனப்பா எடுத்திருக்கான் பாரு. எனக்கு முட்டி மடங்காதுல்ல, அதுக்குத் தோதா ஒசரமே இல்லாம. காலு வைக்கப் பலவை. இத்தன நாளு ஒரு ஆம்பள வண்டியிலயும் நா ஏறுனதில்ல, சேல சக்கரத்துல மாட்டிக்கும்னு பயம். அதுக்கும் கம்பி போட்டு வச்சிருக்கான். எனக்காடா போட்டேன்னேன். ஆமாம்மான்னான்."

"நீங்க கேட்டீங்களாம்மா?"

"நா எங்க சாமி கேட்டேன்? அவனாத் தெரிஞ்சுக்கிட்டான். எம்புள்ள கேக்காமயே செய்யிற புள்ள."

அண்ணன் உள்ளே டியூபில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் எழுதினார்.

வேலை முடிந்ததும் வழியனுப்பச் சந்துவரை போனேன். பெரியம்மாள் ஒருக்களித்து ஏறி, சேலையைக் கூட்டி மடியில் சொருகி, சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஊரையே ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் முன்னால் உட்கார்ந்து சந்து முனையைப் பார்த்தபடி இருந்தார். டீக்கடையில் யாரும் இல்லை. வண்டி நகரவில்லை.

"ஏன்டா, ஸ்டார்ட் பண்ணலியா?" என்றார் பெரியம்மாள்.

"பண்ணிட்டேம்மா" என்றார். "ஓடிக்கிட்டுதான் இருக்கு."