முலாம் பூசின யானைக்காசு

என் கடைப் பேரைச் சொல்லித்தான் நீ விற்றாய், அதுவும் வெறும் செம்பை. உன் பேரை இங்கே எழுதப் போவதில்லை. படித்தால் உனக்கே தெரியும். கீழ் கோத்தகிரியில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நர்சிங் சீட் வருகிற வெள்ளிக்கிழமையோடு கைவிட்டுப் போகப் போகிறது. உன்னால்தான்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பழைய காசு வாங்கி விற்கிற தொழிலில் "இது விலை போகாதுங்க" என்று சொல்வதுதான் பாதி வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சந்தை சந்தையாக அலைந்து, ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்டு, குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு கடை போட்டேன். கோபக்காரன் என்று பேர். பொய் விலை சொல்லமாட்டான் என்றும் பேர். கொஞ்ச நாளாக ஓர் ஆள் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குச் சம்பள நாளாகப் பார்த்துப் போய், தங்க முலாம் பூசின காசுகளை விற்கிறான். "ரெண்டு வருஷம் வெச்சிருங்க, குன்னூர் காசுக்கடையில டபுள் விலைக்கு எடுத்துக்குவாங்க" என்பானாம். குன்னூர் காசுக்கடை என்றால் நான்தான். எவனோ கொடுத்த வாக்குக்குக் கல்லாவில் உட்கார்ந்து பதில் சொல்லித் தொண்டை வறண்ட கடைக்காரர்களுக்கு என் பாடு புரியும்.

வெல்வெட் பெட்டி

ஜெகதளாவிலிருந்து ஒருவர் வந்தார், ரிட்டயரான எஸ்டேட் கிளார்க். நீல வெல்வெட் பெட்டிக்குள் பிள்ளையார், லட்சுமி, மலை ரயில் என்று வரிசையாகக் காசுகள். லிமிடெட் எடிஷன் என்று ஒரு சர்டிபிகேட் வேறு. ஒரு காசின் விளிம்பை உரைகல்லில் அழுத்தித் தேய்த்தேன். மஞ்சள் போய்ச் செம்பு எட்டிப் பார்த்தது.

"இது எந்த அரசாங்கமும் அடிச்ச காசு இல்லீங்க சார். எத்தனை அடிச்சான்னு அடிச்சவனுக்கே தெரியாது. சேகரிக்கிறவங்க கையால தொடமாட்டாங்க" என்றேன். அவர் பெட்டியை மூடவில்லை. கடையில் நின்ற மற்ற ஆட்களுக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்: "விக்கறதுக்கு ஒரு ஆளு, இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு. பங்கு எப்படிங்க பிரிச்சுக்குவீங்க?"

பத்து ரூபாய்

அடுத்து வந்தவர் வெலிங்டன் பக்கம் பேக்கரி வைத்திருப்பவர். புழக்கத்தில் இருக்கிற பத்து ரூபாய் நாணயத்துக்கே முலாம் பூசி, கண்ணாடி டப்பியில் அடைத்து அவர் தலையில் கட்டியிருந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முலாம் பூசாத பத்து ரூபாய்க் காசையே இங்கே பாதிப் பேர் வாங்க யோசிக்கறாங்க. இதை எவன் வாங்குவான்?" என்று டப்பியை மேஜையில் வீசினேன். அவர் பொறுக்கி எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. பெட்ரோல் ஊத்திக் கழுவினா மறுபடி பத்து ரூபா ஆயிருமுங்களா?"

செல்வியின் காசு

செல்வி கீழ் கோத்தகிரியில் கொழுந்து பறிக்கிறவர். அவருடைய மாமியார் சிலோனிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த வெள்ளிக்காசு ஒன்று வீட்டில் இருந்தது; செல்வி அதைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளைக்காரன் அந்தத் தீவுக்கென்று அடித்தது; ஒரு பக்கம் யானை. அப்படித் தேயாத ஒன்றை நான் பார்த்ததே இல்லை. "துணியால கூடத் துடைக்காதேம்மா. அந்தக் கறுப்போடயே இருக்கட்டும். நல்ல ஆளாப் பிடிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். கோயமுத்தூரில் காசு சேகரிக்கிற ஒருவரைப் போனிலேயே மல்லுக்கட்டி மேலே ஏற்றி, செல்வியின் மகளுடைய முதல் வருஷ பீஸ் முழுக்க அடைகிற விலைக்குக் கொண்டுவந்தேன்.

திங்கட்கிழமை அந்த மனிதர் காரில் வந்து என் எதிரே உட்கார்ந்திருந்தார். செல்வி மகளோடு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். காசு தகதகவென்று மின்னியது. முலாமுக்கு முன்னால் எவனோ பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருக்கிறான். யானையின் காதும் சுற்றியிருந்த எழுத்தும் மழுங்கிப் போயிருந்தன. வந்தவர் லென்ஸை மடித்துப் பையில் போட்டார். "முலாமைக் கழட்டிரலாம், தேஞ்சது திரும்பி வராதுங்க. இனி வெள்ளி எடைதான்" என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பெண் அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரும்மா இதைச் செய்யச் சொன்னது?" என்று கத்தினேன். செல்வி குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதானுங்க அண்ணே. 'தங்கம் பூசிக் கொண்டாந்தா வெல கூடும்னு குன்னூர்க் கடைக்காரரே சொல்லி அனுப்பிச்சாரு'ன்னு அந்த ஆளு லைனுக்கு வந்து சொன்னாரு. உங்க பேரைச் சொன்னதால பூச்சுக் கூலியும் குடுத்து, காசையும் கையில குடுத்தேன்."

சர்டிபிகேட்டில் இருந்த நம்பர்

அவர்கள் படி இறங்கினதும், ஜெகதளாக்காரரின் சர்டிபிகேட்டில் பார்த்துக் குறித்துவைத்திருந்த நம்பரில் உனக்குப் போன் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், எழுத முடியாததையும் சேர்த்து. நீ பதறவே இல்லை. பின்னால் யாரிடமோ டீக்கு சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னது கூடக் கேட்டது. அப்புறம் சாவகாசமாகச் சொன்னாய்: "அண்ணா, உங்க கடைக்கு இத்தனை பேரை அனுப்பியிருக்கேன். ஒரு நாளாவது கமிஷன் கேட்டிருப்பனா?"

வெள்ளியின் எடைக்கு உண்டான விலையைச் செல்வி கையில் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் ஏற்றிக் கொடுத்தால் நான் சொல்லியனுப்பியதாக நீ சொன்னது உண்மை என்று ஆகிவிடும். குறைகிறதெல்லாம் நீ பாலிஷ் சக்கரத்தில் தேய்த்துப் போட்டது. காசின் மேல் முலாம் பூசினால் காசு போகும், அடுத்தவன் வாக்கின் மேல் பூசினால் ஒரு வீட்டுப் பிள்ளையின் படிப்பே போகும் என்பதுதான் இந்தத் தொழிலில் நீ எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். வெள்ளிக்கிழமை காலேஜ் ஆபீஸ் கதவைச் சாத்துவதற்குள் வந்து, அந்தப் பீஸைக் கட்டு.