அம்மா ஏன் திரும்பினாள்?

இன்று முதலியார்பேட்டை பேருந்தில், கூப்பிட்டும் திரும்பாத ஒரு பெண்ணிடம் நடத்துனர், "செவுடு மாரி நடிக்காதம்மா" என்றார். அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே காது கேட்காது.

எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அம்மாவுக்குக் காது போய்விட்டது. எதிரில் இருப்பவரின் வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டோம். "நல்லாப் பேசுறாங்க, காது கேக்குது" என்று தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு செய்தோம்.

விசாரணை ஒரு பழைய பிரெஞ்சுக் காலக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. அதிகாரி எங்கள் வீட்டையும் குடும்பத்தையும் பற்றி அன்பாக விசாரித்தார். அந்த அன்பு எனக்குப் பிடிக்கவில்லை.

திடீரென்று பின்னால் நின்ற பியூன் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அதிகாரி சிரித்தார். "இப்ப என்னம்மா சொல்றீங்க?"

"பலகத் தரை சார். காலுல அதிருச்சி" என்றாள் அம்மா.

அவர் நம்பவில்லை. கீழே கல் பாவிய முற்றத்துக்கு அழைத்துப்போய், அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தகர வாளியைத் தட்டச் சொன்னார். நான்தான் துள்ளினேன். அம்மா எதிரிலிருந்த கிணற்றையே பார்த்தபடி நின்றாள்.

உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு, தெருவில் நானே தோளைத் தொட்டாலும் அம்மா உடனே திரும்ப மாட்டாள். கேட்டால், "எவன் பாத்துட்டு இருக்கானோ" என்பாள்.

இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிக்க உங்கள் வீட்டிலும் யாராவது அலைந்திருக்கிறார்களா?