சருகு வெளியே வரவில்லை

துணைமின்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தது முதல் இரவு ஷிப்டையே கேட்டு வாங்கியவர் அப்பா. மின்சாரம் நிறுத்திய கம்பியைக்கூட டெஸ்டரால் இரண்டு முறை சோதிக்காமல் தொடமாட்டார். 'சந்தேகம்' என்றுதான் கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். வீட்டில் கண்ணாடித் தொட்டியில் அவர் வளர்த்தது ஒரே ஒரு கெளுத்தி மீன். அகலத் தலையும் ஒல்லி வாலுமாக அகப்பை போலிருக்கும். வெளிச்சத்தில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இருட்டினால்தான் இரை தேடி வரும். காய்ந்த இலையின் நிறம் என்பதால் 'சருகு' என்று பெயர் வைத்தார்.

அவர் இறந்த பிறகு தொட்டி மகள் பொறுப்பில் வந்தது. அவளும் மின்பொறியாளர்தான். தொட்டி விளக்கு இரவெல்லாம் எரிந்து பகலில் அணைவதைப் பார்த்தாள். அப்பா டைமரை மாற்றி வைத்துவிட்டார் என்று நினைத்துச் சரிசெய்தாள்.

அதன்பின் சருகு கண்ணில் படவேயில்லை. காலையில் போட்ட இரை மாலையில் அப்படியே ஊறிக் கிடந்தது; அள்ளி எறிந்தாள்.

"சருகு சாப்பிட்டானா?" என்று அம்மா தினமும் கேட்பாள்.

"சாப்பிட்டான்மா."

பொய்தான். இந்த வீட்டில் இன்னொரு சாவை அம்மா தாங்கமாட்டாள்.

ஒரு காலையில் கையை விட்டு மணலைத் துழாவினாள். விறைப்பாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தாள். உள்ளங்கையில் கட்டை போலக் கிடந்தது. செவுள் அசையவில்லை. பின்னால் அம்மா வந்து நின்றாள்.

"அம்மா... போயிடுச்சும்மா."

"முதல்ல தண்ணியில போடுடி! அது நடிக்கும். உங்கப்பாவையே அழ வெச்ச திருட்டுப்பய அவன்."

போட்டாள். மல்லாந்து அடியில் விழுந்தது.

"பகல்ல ஏன் லைட்ட எரிய விட்டிருக்கே? அவர் வேலை முடிஞ்சு காலையில வந்து உட்காரும்போது அது முழிச்சிருக்கணும்னுதானே ராப்பகலையே மாத்தி வெச்சிருந்தார்!"

 மகள் விளக்கை அணைத்தாள். அம்மா அப்பாவின் போர்வையால் தொட்டியை மூடினாள்.

"நிஜமாவே செத்திருந்தா?"

"கரண்டு செத்த கம்பியையே நம்பாத மனுஷனோட பொண்ணுடி நீ."

போர்வையைத் தூக்கிப் பார்க்க மகளுக்குத் துணிவு வரவில்லை. தொட்டியின் காற்று மோட்டாரை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் காதை வைத்தாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மணல் லேசாக உரசியது.

நம்பவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டாவது முறைக்காகக் காத்திருந்தாள்.