எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபத்தாறு வயது. கோச்சடையிலிருந்து சைக்கிளில் ஆபீசுக்கு வருவேன். சாயங்காலம் அதை அங்கேயே போட்டுவிட்டு மாசி வீதிகளைச் சுற்றுவேன். காரணம் எதுவும் கிடையாது. நாலு தெருவும் சேர்ந்தால் கோயிலைச் சுற்றி ஒரு சதுரம்; எங்கே புறப்பட்டாலும் அங்கேயே கொண்டுவந்து விட்டுவிடும். அதுவரைக்கும் மனசு தெருவின் பொறுப்பு. மேலமாசி வீதிக் கூட்டத்தில் இல்லாத ஆசையெல்லாம் கிளம்பும். வடக்குமாசி வீதிக்குத் திரும்பினால் வாசல்களில் தண்ணீர் தெளித்த ஈரம். நடை தானாகத் தணியும். கீழமாசி வீதியின் மிளகாய் வற்றல் மூட்டைகளைத் தாண்டும்போது தும்மலும் கோபமும் ஒன்றாக வரும்.

இரண்டு வருடம் என்னோடு நடந்தவன் ஒருவன். மகால் பக்கம் வீடு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். சாயப்பட்டறையிலிருந்து நேராக வருவான், நகக்கண்களில் அன்றைய நிறத்தோடு. பேச மாட்டான். என் ஆபீஸ், என் தங்கச்சி கல்யாணம், வயலை விற்கலாமா என்று அப்பா தடுமாறுவது, எல்லாவற்றுக்கும் ‘ம்’ போடுவான். சிரித்தால் உதடு மட்டும் அசையும். அமைதியான ஆள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு ஆடி மாதம் வருவதை நிறுத்தினான். பட்டறையில் வேலை அதிகம் என்று சொல்லியனுப்பினான். மூன்று வாரம் தனியாகச் சுற்றினேன்.

மதுரைக்காரன் கால் கோயிலை வலம்வந்து பழகிய கால். நாங்கள் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றுவோம். அன்றைக்கு என்ன எரிச்சலோ, கீழமாசி வீதியில் சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கமாக நடந்தேன். டீக்கடைக்காரர் விடவில்லை. “என்னண்ணே, சாமியோட சண்டையா? இடஞ்சுத்துறீக?”

வடக்குமாசி வீதியில் எதிர்வெயிலில் கண் கூசியது. முதலில் எதிரே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அதற்குப் பின்னால் அவன். பக்கத்தில் அவன் வயதில் இன்னொருவன். சௌராஷ்டிரத்தில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். அவன் கைகளும் சேர்ந்து பேசின. அந்தக் கைகளை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

மூன்று வாரமும் இங்கேதான் சுற்றியிருக்கிறான். ஒரே திசையில், எனக்கு ஒரு தெரு முன்னாலோ பின்னாலோ. அதனால்தான் கண்ணில் படவில்லை.

என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அணைந்தது. அதுதான் குத்தியது. கூட வந்தவன் சேலத்து மாமா மகன் என்றான். பட்டறை வேலை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

“ஒன்கூட நடந்தா நான் கேக்குற ஆளு மாப்ள. அதுவும் பிடிக்கும். எனக்கும் பேசணும்னு இருக்கும்ல.”

“எங்கிட்ட பேசுறதுக்கு என்ன?”

“ரெண்டு வருசமா நீ ஒண்ணும் கேக்கலயே.”

கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். திரும்பி அவர்களோடு நடந்தேன். மரியாதைக்கு இருவரும் தமிழுக்கு மாறினார்கள். பேச்சு நாலு வார்த்தைக்கு ஒருதரம் தட்டி நின்றது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், சொல்ல வெட்கம். ஆனால் கீழமாசி வீதியில் அவன் கைகள் வெறுமனே தொங்கிக்கொண்டு வந்ததைப் பார்க்க முடியவில்லை.

“உங்க பாஷையிலயே பேசுங்க. நான் கேட்டுக்கிட்டு வாரேன்” என்றேன்.

பேசினார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்த நெரிசலில் இரண்டு பேர்தான் சேர்ந்து போக முடியும். நான் அரை அடி பின்னால். அவர்கள் சிரித்தபோதெல்லாம் என்னைப் பற்றியோ என்று காது சுட்டது. மாமா மகன் சேலம் திரும்புகிறவரைக்கும் தினமும் அப்படியே போனேன், அவர்களைத் தனியாக விட மனசில்லாமல்.