கொலைகாரர்கள் எல்லோரும் அவர் வீட்டார்

பங்காரப்பேட்டையில் ரயில் நின்றிருந்தபோது மனைவி போன் செய்தாள். "அற்புதம் அண்ணன் போய்ட்டாருங்க" என்றாள். பெட்டி முழுக்க நம் கோலார் தங்கவயல்காரர்கள், பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். செய்தியைச் சொன்னதும் எதிரே இருந்தவர், "கொலகாரங்க வூட்டு அற்புதமா?" என்றார். அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்குக் காரணம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

தங்கச் சுரங்கத்தில் ஷிப்டு முடித்து வந்து, கோரமண்டல் பகுதியில் இருந்த வீட்டில் உட்கார்ந்து மர்ம நாவல் எழுதியவர் அவர். முதல் நாவலின் கொலைகாரனுக்குத் தங்கராஜ் என்று பெயர் வைத்துவிட்டார். வாசலில் இரண்டு தங்கராஜ்கள் வந்து நின்றார்கள். "இன்னாண்ணே, என்னப் பாத்தா கொல பண்றவன் மாதிரியா கீது?" என்றார் ஒருவர். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்று மற்றவர் கண்கலங்கினார். "இனிமே எங்க வூட்டு ஆளுங்க பேரையே வச்சிக்கிறேன், போங்க" என்றார் அண்ணன். சொன்னபடியே அப்பா, தம்பி, மாமியார் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. வெளியூர் வாசகர்கள் நடுங்கிக்கொண்டே படித்தார்கள். நமக்கோ அவர் வீட்டுப் பெயர் ஒன்று வந்ததுமே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடும்.

"நம்ம ஜனம் மட்டும் என் கதையப் படிச்சி ஒரு நாளும் பயந்ததில்லப்பா" என்று ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அந்தக் குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு சுரங்கம் மூடியது, அவரும் எழுதுவதை நிறுத்தினார். வெட்கமில்லாமல் நாமும் மறந்தோம்.

போன வருஷம் அவருடைய நாவல் ஒன்று வெப் சீரிஸாக வந்தது. சுரங்கத்தைத் தேயிலைத் தோட்டமாக்கிவிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நம்ம ஊரையே காணோமேண்ணே!"

"ஊர வுடு. பேரையும் மாத்திட்டாங்க, பாத்தியா?" என்றார். முகமெல்லாம் பூரிப்பு.

கடைசிப் பகுதியைப் பார்க்கத் தெருவையே வீட்டுக்கு அழைத்தார். டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, எங்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் படித்த நாவல்தான். ஆனால் கொலைகாரன் பெயர் தேவதாஸ் என்பது தவிர எதுவும் நினைவில்லை. அது தெரிந்த பிறகு மற்றதை எங்கே கவனித்துப் படித்தேன்! கதவு திறந்து, எல்லோருக்கும் நல்லவரான அந்த டாக்டர் கத்தியோடு நின்றபோது என் மனைவி அலறினாள். அண்ணனுடைய தம்பி தேவதாஸ் எழுந்தே விட்டார். "ஐயோ, அது நானாண்ணே?"

எல்லோரும் போன பிறகு அண்ணன் என்னை நிறுத்தினார். "நெஜமா பயந்தியா? இல்ல, எனக்கோசரமா?"

"நெஜமாத்தாண்ணே. கை இன்னும் நடுங்குது பாருங்க."

என் கையை எடுத்துப் பார்த்தார். நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை. அவர் கண்கள் நிறைந்திருந்தன.

இப்போது அவருடைய பழைய நாவல்களை, கொலைகாரன் பெயர் வரும் இடமெல்லாம் வேறு பெயர் போட்டுப் படித்துவருகிறேன். எப்பேர்ப்பட்ட எழுத்து! பக்கத்து வீட்டுக்காரர் மனம் நோகக் கூடாதென்று, சொந்த ஊரைப் பயமுறுத்தும் சுகத்தையே விட்டுக்கொடுத்த மனிதர் அவர். என் கையைப் பிடித்திருந்த அந்தச் சில நிமிஷம் எனக்குப் போதும்.

அண்ணே, நன்றாகப் பயந்தோம். நன்றி.