பகலில் தாண்டிய முள்

என் கணவருடைய வாட்சில் மணி முள், நிமிட முள் போக இன்னொரு மெல்லிய முள் உண்டு. நுனி சிவப்பாக இருக்கும். வட்டத்தின் ஓரத்தில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை பொடி எண்கள். நாளைக்கு ஓர் எண் அந்த முள் தாண்டும். பட்டணத்துக்கு லாரி ஓட்டிப் போனபோது பழைய சாமான் கடையில் வாங்கியது. திருத்தணியில் வாட்ச் கட்டியவர்களே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். தேதி காட்டும் வாட்ச் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. எனக்கு அதில் ஏகப்பட்ட தலைக்கனம்.

அவர் என் அத்தை மகன். பாவா என்றுதான் கூப்பிடுவேன். சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரி நின்றுபோனது. ஒருநாள் அரக்கோணம் போய்விட்டு வந்தவர், பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். கட்டின பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. புறப்படுகிற அன்று வாட்சைக் கழற்றி எனக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார்.

"தேதி முள்ளு நடு ராத்திரிலதான் தாண்டணும். பகல்ல தாண்டுச்சுன்னா நீ தப்பா வெச்சிருக்கேன்னு அர்த்தம். இன்னும் ஒரு சுத்து மணி முள்ளச் சுத்தி உடு. கேட்டுகினு இருக்கியா?"

"ஆங், ஆங்" என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"டேசனுக்கு வரியா?"

"போறவங்க போங்க. நான் வரமாட்டேன்."

சொன்னபடியே போகவில்லை. என் கோபம் அப்படிப்பட்டது. ஊதிய அடுப்பு மாதிரி எரியும், அப்புறம் சாம்பலை வைத்துக்கொண்டு அழுவேன். வாட்சைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டேன். சாவி கொடுக்காமல் அது நின்றுபோனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடுதாசி வந்தது. மூன்றே வரி. சுகம், நீ சுகமா, வாட்ச் ஓடுகிறதா. அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு உடைந்துவிட்டது. தபால்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் ஓடிப்போய்த் தேதியும் மணியும் கேட்டேன்.

"பத்தாந்தேதிம்மா. மூணு மணி ஆவுது."

உள்ளே வந்து சாவியை இழுத்துத் திருகினேன். மணி முள் இரண்டு சுற்று வந்தால் தேதி முள் ஓர் எண் தாண்டியது. அது பத்தில் போய் விழுந்ததும், அங்கிருந்து மூன்று மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். எவ்வளவு சுளுவான வேலை, இதற்குப்போய் அவ்வளவு பாடமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அதன்பிறகு தினமும் விடிந்ததும் சாவி கொடுத்து, தேதியைப் பார்த்துவிட்டு, பெட்டியில் வைத்துவிட்டுக் களை எடுக்கப் போவேன். கழனிச் சேற்றுக்கு யாராவது வாட்ச் கட்டிக்கொண்டு போவார்களா?

ஒரு வாரத்துக்குள் அவரோடு வேலை செய்யும் பட்டாளத்துக்காரர் ஒருவர், லீவில் திருப்பதி போகிற வழியில், வீடு தேடி வந்தார். திண்டாடித்தான் கண்டுபிடித்தாராம்.

"தங்கச்சி, பத்தொம்பதாந்தேதி காலையில எங்க ஆளுங்க ரயிலு வண்டி இந்த ஊரு வழியாப் போவுது. இஞ்சினுக்குத் தண்ணி புடிக்க நிக்கும். உன்னை வரச்சொன்னாரு. கோவம் இன்னும் இருந்தா வரவேணாம்னும் சொல்லச் சொன்னாரு. வண்டி விசயம் வெளிய மூச்சு உடாதே."

நான் மூச்சு விடவில்லை. வீட்டில் தேதி சொல்ல ஆளில்லை; என்னைப் பெற்ற நைனா திருவாலங்காட்டில் கரும்பு வெட்டப் போயிருந்தார். காகிதப் பஞ்சத்தில் அந்த வருஷம் கடைக்காரர்கள் காலண்டரும் கொடுக்கவில்லை. எதற்கு என்று சொல்லாமல் யாரிடமாவது தேதி மட்டும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன் என்ற திமிர்.

வாட்ச் பதினெட்டு காட்டிய காலையில், பாவாவுக்கு விபூதி வாங்க மலை ஏறினேன். வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்று அத்தனை படி வைத்த மலை. அன்றைக்கு ஒரு படியில்கூட உட்காரவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது கீழே விசில் கேட்டது. ஸ்டேஷனில் நீளமாக ஒரு வண்டி நின்றிருந்தது. புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு பாவாவின் வண்டியும் இப்படித்தான் நிற்கும் என்று நினைத்தேன். மதில் ஓரமாக நின்று, அது நகர்ந்து ரேணிகுண்டாப் பக்கம் மறைகிறவரை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே தலைக்குக் குளித்து, புளிச்சோறு கட்டி, விபூதியை முடிந்துகொண்டு ஸ்டேஷன் போனேன். கையில் வாட்ச், முள் பத்தொன்பதில். இரண்டு வண்டி வந்து போயின, பட்டாள வண்டி வரவில்லை. வெயில் ஏறியபிறகு கொடி பிடிக்கிற ஆள் கிட்டே வந்தார்.

"யாருக்காவ காத்துகினு கீறம்மா?"

சொன்னேன்.

"அது நேத்தே போயிடுச்சேம்மா. ஒருத்தர் எறங்கி கேட்டாண்ட வந்து நின்னாரு. ரோட்டையே பாத்துகினு இருந்தாரு. விசில் ஊதினப்புறந்தான் ஓடிப்போய் ஏறினாரு."

"இன்னிக்குத்தானே பத்தொம்பது?" என்று வாட்சை நீட்டினேன்.

"இன்னிக்கு இருவதும்மா."

அவரோடு சண்டைக்குப் போனேன். உங்கள் ஸ்டேஷனே தப்பு என்றேன். பாவம், அவர் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். புளிச்சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயிலில், இரண்டு முள்ளும் பன்னிரண்டில் சேர்ந்தபோது, என் கண் முன்னால் அந்தச் சிவப்பு நுனி பத்தொன்பதிலிருந்து இருபதுக்குத் தாண்டியது.

பகல்ல தாண்டுச்சுன்னா தப்பு. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்ட சொல் அப்போதுதான் காதில் விழுந்தது. தபால்காரர் சொன்ன பகல் மூன்று மணியை ராத்திரி மூன்று மணியாக வைத்திருந்தேன். தினமும் காலையில் நான் பார்த்தது முந்தின நாளின் தேதி.

அன்றைக்கே கடுதாசி எழுதினேன். ஒட்டும்போது, உள்ளே வைத்த விபூதி கொஞ்சம் மேலே சிந்தியது. நான்கு மாதம் கழித்து அது முத்திரை மேல் முத்திரையோடு, பிரிக்கப்படாமல், என்னிடமே திரும்பி வந்தது. பர்மா எல்லையில் அவர் லாரியோடு எரிந்துபோனதாகத் தந்தி அதற்கு ஒரு வாரம் முன்பே வந்திருந்தது.

அந்த உறையை நானும் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாவா, எனக்குக் கோபம் இல்லை, தேதி முள்ளைத்தான் தப்பாக வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன்.