முதலாளி இல்லாத தோணி

முதலாளி இல்லாத உலகத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், வாகரைக் கரையில்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஐந்து வீடுகளுக்கும் பொதுவாக ஒரு நிவாரணத் தோணி கிடைத்தது. கடலுக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு, தோணி முதலாளிக்கு ஒரு பங்கு என்பது வழக்கம். இதற்குத்தான் முதலாளியே இல்லையே! அந்தப் பங்கையும் தங்களுக்குள் பிரிக்க ஆண்கள் குந்திவிட்டார்கள். அந்த ஐந்து வீடுகளில் ஒன்றில், கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இருந்த பக்கத்து வீட்டு அக்கா வெறுங்கூடையோடு நின்றார்.

பல்கலைக்கழகத்தில் படித்த புரட்சிகரச் சோசலிசம் எனக்குள் பொங்கியது. "தோணி எல்லாருக்கும் சொந்தமெண்டா, முதலாளிப் பங்கு அக்காவுக்குத்தான்!" என்று கத்தினேன்.

"உன்ட புரட்சி வரட்டும், குடுப்பம்," என்றார் தோணியோட்டி மாமா.

"அதுவரைக்கும் உங்கட மீசையையா மாமா நான் கறி வைக்கிற?" என்றார் அக்கா.

கரையே சிரித்தது. மாமாவே முதலாளிப் பங்கு மீனை அள்ளி அவருடைய கூடையில் போட்டார். அன்றிலிருந்து அந்தப் பங்கு அக்காவுக்கு என்றே ஆனது.

சலுகை போதாது, உடைமையே மாற வேண்டும் என்பதுதான் அந்தத் தத்துவம். அது ஒரு தோணியளவுக்காவது மாறியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு போரால் இடம்பெயர்ந்து, அது முடிந்து ஊர் திரும்பியபோதும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தோம்.

அக்கா இப்போது கிணற்றடியில் இன்றைய முதலாளிப் பங்கான சூடை மீனைக் கழுவுகிறார்.